தாடியஸ் ஸ்டீவன்ஸ்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அடிமைத்தளையை அறுத்த பெரியாருள் ஒருவராகவே தாடியஸ் ஸ்டீவன்ஸை நாம் கேள்வியுற்றிருக்கின்றோம். ஆயின், பென்சில்வேனியா மாகாணச் சட்டசபையில் அங்கத்தினராயிருந்த காலத்து அவர் செய்ததொரு செயலை அறிந்தார் சிலரே. அதனையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

அவர் 1792-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் வெர்மாண்ட் மாகாணத்து டான்வில் என்னும் ஊரில் ஏழைக் குடியிற் பிறந்தார். ஒரு கால் பிறவியிலேயே கோணியிருந்தது. தந்தையார் குடும்பத்தைக் கைவிட்டகன்றார். அன்னை சாராள் அரும்பாடுபட்டு மகனைப் படிப்பித்தார். 1814-இல் டார்ட்மத் கல்லூரியிற் பட்டம் பெற்றபின், ஸ்டீவன்ஸ் பென்சில்வேனியா சென்று கெட்டிஸ்பர்க் நகரில் வழக்கறிஞராயினார். 1821-இல் ஓர் அடிமைப்பெண் விடுதலை வேண்டித் தொடுத்த வழக்கில், உடையவன் சார்பில் நின்று அவர் வென்றமையையும் நாம் மறைத்தல் தகாது.

1833-இல் அவர் சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். அந்நாளில் ஏழைப் பிள்ளைகள் அங்கே இலவசமாகப் பயில வேண்டின், பெற்றோர் தம்மை வறியரென்று பதிவித்துக்கொள்ளல் வேண்டும். அவ்விழிவுக்கு நாணிய பலர் மக்களைப் பள்ளிக்கு அனுப்பாதொழிந்தனர். 1834-இல் எல்லார்க்கும் பொதுப்பள்ளி வகுக்கும் சட்டம் பிறந்தது. வரி என்றதும் எதிர்ப்பும் உடன்பிறந்தது! பிள்ளையில்லாதாரும், தம் திருச்சபைப் பள்ளிகளை முன்னரே தாங்கிவந்த ஜெர்மானியக் குடிகளும் வெகுண்டனர். சட்டத்தை ஒழிக்குமாறு 30,000-க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். மேற்சபை இசைந்தது. ஸ்டீவன்ஸைத் தெரிந்தனுப்பிய மக்களுள்ளும் பலர் அதனையே விரும்பினர்.

1835 ஏப்ரல் 11-ஆம் நாள் அவர் கீழ்ச்சபையில் எழுந்து பேசினார். குற்றம் செய்யாதவனும் நீதிமன்றத்திற்கும் சிறைச்சாலைக்கும் வரி கொடுக்கின்றான். பிள்ளையற்றவன் பள்ளிக்குக் கொடுத்தல் மட்டும் எங்ஙனம் அநீதியாகும் என்று வினவினார். வறியரைத் தனியே குறித்துவைத்தல் ஏழைக்குச் சூடிட்டு அடையாளம் செய்தலே என்று இடித்துரைத்தார். சாராளின் மகனுக்கு இவ்வாதம் நூலிலிருந்து கிடைத்ததன்று என்றே நமக்குத் தோன்றுகின்றது. ஒழிக்கவிருந்த சபை மனம் மாறிற்று, சட்டம் நிலைத்தது.

பின்னர் அம்மாகாணத்திற்கு வகுத்த புதிய அரசியலமைப்புக் கறுப்பினத்தவர்க்கு வாக்குரிமை மறுத்தமையால், அதிற் கையொப்பமிட மறுத்தார். காங்கிரஸ் சபையில் 1865-இல் அடிமைமுறையை ஒழித்த திருத்தத்திற்கு முன்னின்று உழைத்தார். 1868 ஆகஸ்டு 11-ஆம் நாள் வாஷிங்டனிற் காலமானார். லான்காஸ்டர் நகரத்துப் பெரிய இடுகாடுகள் கறுப்பினத்தவரை ஏற்காமையால், எவ்வினத்தாரையும் ஏற்ற சிறியதொன்றைத் தமக்கெனத் தேர்ந்திருந்தார். அதன் காரணத்தையும் தம் கல்லறையிற் பொறிக்குமாறு எழுதிவைத்திருந்தார்.