ஆறாண்டுக் காத்திருப்பு

என் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூருக்கு அப்பால், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர். விடுதியில் என் அறைத்தோழனோ இடுக்கி மாவட்டத்து மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். 1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது எங்கள் இருவர் ஊரும் கேரளத்தோடு நின்றன. வீட்டுப் பேச்சு மட்டும் தமிழாகவே நின்றுவிட்டது. அவன் என் ஊருக்கு வரவேண்டுமானால் மறையூர் இறங்கி, உடுமலையும் பொள்ளாச்சியும் கடந்து, தமிழ்நாட்டுக்குள் புகுந்து மீண்டும் கேரளத்துக்குள் நுழைவான். எல்லையை இருமுறை தாண்டும் அந்தப் பயணத்துக்கு நான் மட்டும் காரணம் அல்லேன். எங்களோடு பயிலும் ஒரு பெண்ணின் ஊரும் சித்தூர்ப் பக்கந்தான்!

அவர்கள் அன்பு எங்கள் வகுப்பே அறிந்தது. ஆனால் சென்ற மாதம் அந்தப் பெண்ணுக்கு வடக்கே நெடுந்தொலைவில் ஓர் ஆராய்ச்சி இடம் கிடைத்தது. ஐந்தாறு ஆண்டுப் படிப்பு. நண்பனுக்கோ இங்கேயே வேலை தேடித் தங்கைகளைக் கரையேற்ற வேண்டிய கடமை. ஓர் இரவு விளக்கை அணைத்த பிறகு அவன் மெல்லக் கேட்டான்: போகவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிடட்டுமா என்று. அறிவுரை கூற எனக்கு வயதில்லை. நான் பௌதிக மாணவன். எனக்குத் தெரிந்த ஒரு வாழ்க்கையைச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் என்ற பெயரைக் கேளாத தமிழ் மாணவர் இருக்கமாட்டார். 1910 அக்டோபர் 19-ல் லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறை அதிகாரி. தாய் சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்த அறிவுடைய மாது. நோபல் பரிசு பெற்ற சி. வி. இராமன் இவருக்குச் சிற்றப்பா. 1918-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, 1925-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரியை விட்டு வெளிவருமுன்பே அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை இலண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்துவிட்டது!

அந்தக் கல்லூரியில், ஓராண்டு பின்னால், அதே பௌதிகம் பயின்றவர் லலிதா துரைசாமி. ஆண்கள் நிறைந்த அறிவியல் வகுப்பில் ஒரு பெண் வந்து அமர்வதே அன்று ஊர் பேசும் செய்தி. ஆனால் லலிதா வந்த குடும்பம் அதற்கெல்லாம் அஞ்சும் குடும்பம் அன்று. சகோதரி சுப்பலட்சுமி அவருக்குப் பெரியம்மா. குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண்ணாகி, மூலையில் முடங்காமல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற இளம் விதவைகளுக்குச் சென்னையில் இல்லம் அமைத்துக் கல்வி தந்த பெருமாட்டி அவர். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் படிப்பு என்பது மணப்பந்தல் வரை பொழுதுபோக்கும் வேலையாக இருக்குமா?

இருவர் உள்ளமும் ஒன்றை ஒன்று அறிந்தன. பெரியவர்கள் பார்த்து, சாதகம் பொருத்தி, நாள் குறித்த காலத்தில் இவர்கள் தாமே ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் உடனே மணம் முடிக்கவில்லை. சந்திரசேகருக்கு இங்கிலாந்து சென்று பயில அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. அப்போது தாய் நோயுற்றிருந்தார். மகன் தயங்கினான். தாயே வற்புறுத்தி அனுப்பினார். 1930 சூலை 31-ல் பம்பாயில் கப்பலேறினார். மறு ஆண்டே தாய் மறைந்தார். மகன் திரும்பி வந்து முகம் பார்க்கவில்லை. புகழுக்குக் கொடுத்த விலையில் இதுவும் ஒன்று.

அந்தக் கப்பலில்தான், பத்தொன்பது வயது இளைஞர், விண்மீன்களின் முடிவைக் கணக்கிட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறு விண்மீனாக அடங்கும் என்று அன்றைய அறிஞர் நம்பினர். எல்லா விண்மீனும் அப்படி அடங்காது, அதற்கு ஓர் எடை வரம்பு உண்டு என்று சந்திரசேகர் கண்டார். அந்த வரம்பு நம் சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது இன்று பாடநூற் செய்தி. அன்றோ? 1935 சனவரி 11-ல் இலண்டன் வானியல் கழகக் கூட்டத்தில் அதை அவர் எடுத்துரைத்தபோது, அடுத்துப் பேச எழுந்த பெரும்புகழ் எடிங்டன் அதை நகைப்புக்கு இடமாக்கிவிட்டார். அவையில் எதிர்த்துப் பேச ஒருவரும் எழவில்லை. அயல்நாட்டில், தனிமையில், இருபத்து நான்கு வயதில் அடைந்த அவமானம் அது!

இந்த ஆண்டுகளில் லலிதா என்ன செய்துகொண்டிருந்தார்? வாசலைப் பார்த்துக் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாரா? இல்லை. ஆசிரியப் பணி புரிந்தார். பெங்களூரில் இராமனின் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றினார். கடிதங்கள் கடல் கடந்து போயின, வந்தன. ஒரு சொல்லுக்கு மறுசொல் வர வாரங்கள் ஆகும். கைபேசியில் நொடிக்கு நொடி பேசி, பதில் வரப் பத்து நிமிடம் தாமதித்தால் துடிக்கும் நமக்கு அந்தப் பொறுமை விளங்குவது கடினம்.

பொறுமை இருந்தது, ஐயமும் இருந்தது. மணவாழ்க்கையும் ஆராய்ச்சியும் ஒன்றாக நடைபெறுமா என்று சந்திரசேகர் தடுமாறினார். அதை மறைத்து அவரைத் தெய்வக் காதலராகக் காட்ட நான் விரும்பவில்லை. ஆறாண்டு கழித்து 1936-ல் தாயகம் திரும்பினார். லலிதாவைக் கண்டார். ஐயம் அகன்றது. அந்தச் செப்டம்பரிலேயே திருமணம் நடைபெற்றது. ஆண்டு முடிவதற்குள் இருவரும் அமெரிக்கா சென்றனர். 1937 சனவரியில் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெர்க்கீசு வானாய்வகத்தில் சந்திரசேகர் பணி ஏற்றார்.

பனி மூடிய சிற்றூர். உறவினர் இல்லை, தாய்மொழி பேச ஆள் இல்லை. கறுத்த நிறத்தார் வகுப்பெடுப்பதா என்று முகஞ்சுளித்தவரும் பல்கலைக்கழகத்தில் இருந்தனர். அங்கேதான் அவர்கள் இல்லறம் வேரூன்றியது. கணவர் நூல் மேல் நூலாக எழுதினார். 1952 முதல் 1971 வரை வானியல் ஆராய்ச்சி இதழின் ஆசிரியராக அல்லும் பகலும் உழைத்தார். 1983-ல் நோபல் பரிசு பெற்றார். அப்போது எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், மனைவியின் பொறுமையும் துணையுமே தம் வாழ்வின் நடுநாயகம் என்னும் கருத்தை அவர் பதிந்தார். 1995 ஆகஸ்டு 21-ல் மறைந்தார். 1999-ல் விண்ணில் ஏவப்பட்ட எக்சுகதிர்த் தொலைநோக்கி அவர் பெயரால் சந்திரா என்று அழைக்கப்படுகிறது. லலிதா 2013 வரை, நூறாண்டைக் கடந்து வாழ்ந்தார்.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். நண்பன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, அவர்கள் இருவரும் ஒரே சாதி, ஒரே வகை வீடு, எங்கள் நடுவே நிற்கும் சுவர் அவர்கள் நடுவே இல்லையே என்றான். உண்மை. நான் மறுக்கவில்லை. தேயிலை கிள்ளும் தாயின் மகனுக்கும் நெல்வயல் உடையவர் மகளுக்கும் இடையே இருப்பது கடல் மட்டும் அன்று. அந்தச் சுவரை இடிக்கும் வழியை இந்தக் கதை சொல்லாது.

ஆனால் ஒன்றைச் சொல்கிறது. கதை கேட்டபோது நண்பன் தன்னைச் சந்திரசேகராக எண்ணிக்கொண்டான் போலும். நம்மில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் எண்ணுவோம். எண்ணிப் பார்த்தால், இந்தக் கதையில் கப்பலேறுகிறவள் அந்தப் பெண் அன்றோ? கரையில் நிற்கிறவன் இவன். லலிதாவின் இடம் இவனுடையது. லலிதா அன்று போகாதே என்று கேட்டிருந்தால் அந்த எடை வரம்பைக் கண்டவர் வேறொருவராக இருந்திருப்பார்.

இன்னொன்றும் உண்டு. மணத்திற்குப் பிறகு லலிதா தம் பௌதிக ஆராய்ச்சியைத் தொடரவில்லை. கணவரின் நன்றியுரை அழகானதுதான். ஆயினும், எந்தக் கட்டுரை எழுதப்படாமலே போயிற்று என்று யார் கணக்கிட்டார்கள்? இருவர் காத்திருந்தனர், இருவர் உழைத்தனர், கைவிட்டவர் ஒருவர். அந்த நாளில் அது இயல்பாகத் தோன்றியது. இந்த நாளில் பயிலும் நாம் அதையும் இயல்பென்று கொள்ளலாமா?

இதை நான் அன்றிரவு அவனிடம் முழுதும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வானோ என்று அஞ்சினேன். கோபிக்கவில்லை. மறுநாள் காலை அவன் எனக்கு முன் எழுந்து போயிருந்தான். மாலையில் திரும்பியவன், அவளுடைய பயணத்துக்குப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும், கடைக்குக் கூட வா என்று அழைத்தான். நாங்கள் போனோம். விலையைக் குறைக்கச் சொல்லி அவன் கடைக்காரரோடு வாதாடியதைப் பார்த்தபோது, ஆறாண்டு என்பது அவ்வளவு நீளமாக எனக்குத் தோன்றவில்லை.