நூலகர்களை உருவாக்கிய நூலகர்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12-ஆம் தேதி நம் நாட்டில் நூலகர் தினம் கொண்டாடப்படுகிறது. அது டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் நினைவாக வந்த தினம். நூலகவியலின் ஐந்து விதிகளையும் கோலன் பகுப்பு முறையையும் தந்தவர் என்று அவரைப் பலரும் அறிவார்கள். கல்லூரி நூலகங்களில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, அவர் செய்த வேறொரு காரியமே எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிகிறது. நூலகத்தைத் தலைமை ஏற்று நடத்தக்கூடிய மனிதர்களை அவர் உருவாக்கினார்.

1892-ல் அன்றைய தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த சீர்காழியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தை ராமாமிர்த ஐயரை இழந்தார். சென்னை கிறித்தவக் கல்லூரியில் கணிதத்தில் எம்.ஏ. முடித்து, மங்களூர், கோயம்புத்தூர், பின்பு சென்னை மாநிலக் கல்லூரி என்று கணிதம் கற்பித்து வந்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். ஆனால் மனம் அதில் ஒட்டவில்லை. வகுப்பறையின் கலகலப்பில் பழகியவருக்கு அந்தத் தனிமை தாங்கவில்லை. சில நாட்களிலேயே பழைய கல்லூரிக்குப் போய், திரும்பி வந்துவிடுகிறேன் என்று கேட்டார். லண்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற்று வரட்டும், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் என்பவரிடம் பாடம் கேட்டார். அவர் க்ராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவர். பல நூலகங்களை நேரில் போய்ப் பார்த்த ரங்கநாதனுக்கு, நூலகர் என்பவர் புத்தகங்களுக்குக் காவலாளி அல்ல, ஊருக்கே கல்வி தருபவர் என்பது புரிந்தது. அங்கே ஒரு கடையில் கண்ட மெக்கானோ விளையாட்டுச் சாமான்தான் கோலன் முறைக்கு வித்திட்டது என்பார்கள். 1925-ல் திரும்பி வந்தவர் கணித வேலையை மறந்தே போனார். வாசகர்கள் அலமாரிகளுக்கே போய்ப் புத்தகம் எடுக்கும்படி நூலகத்தைத் திறந்துவிட்டார்.

வேண்டாம் என்று ஓடிய ஒருவரை நூலகராக்கியது அந்தப் பயிற்சிதான். எல்லோரும் கப்பல் ஏறி லண்டன் போக முடியுமா? 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதற்கு அவர் முன்நின்றார். மறு ஆண்டே அச்சங்கம் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 1931-ல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. 1937-ல் அது பட்டதாரிகளுக்கான டிப்ளமோ படிப்பாக உயர்ந்தது.

தலைமை என்றால் என்ன என்பதை அவர் செய்தே காட்டினார். நாட்டுக்கு ஒரு நூலகச் சட்டம் வேண்டும் என்று 1930-ல் காசியில் நடந்த கல்வி மாநாட்டில் மாதிரி மசோதா ஒன்றை முன்வைத்தார். அமைச்சர்களையும் அதிகாரிகளையும் சலிக்காமல் பார்த்துப் பேசினார். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது 1948-ல். தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, அது அந்தச் சட்டத்தின் பயன். பட்டியல் எழுத மட்டும் தெரிந்த நூலகரால் இது நடக்காது. அரசோடு பேசவும், நிதி கேட்கவும், பதினெட்டு ஆண்டு பொறுத்திருக்கவும் தெரிய வேண்டும்.

1945-ல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும், 1947-ல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். தில்லியில் நூலகவியலில் முதுகலையும் பிஎச்.டி.யும் படிக்க வழி பிறந்தது. தம் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை, துணைவியார் சாரதா அம்மாளின் பெயரில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஏற்படுத்தச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். 1950-களில் ஒரு லட்சம் என்றால் எவ்வளவு என்பதை நம் மூத்த அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிக் காலத்தில் நம் பெங்களூருக்கு வந்து மல்லேஸ்வரத்தில் குடியிருந்தார். 1962-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை இங்கே தொடங்கினார். கேட்டு எழுதிக்கொண்டு போகும் வகுப்பாக அதை அவர் நடத்தவில்லை. மாணவர் கட்டுரை எழுத வேண்டும். சபையில் படிக்க வேண்டும். கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நீலமேகன், கோபிநாத் போன்றவர்கள் அவருக்குப் பின்னும் அந்தப் பணியைத் தொடர்ந்தார்கள். 1965-ல் அரசு அவரைத் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக்கியது. 1972 செப்டம்பர் 27-ல் இதே ஊரில் காலமானார்.

நான் ஓய்வு பெற்ற கல்லூரியில் என் இடத்துக்கு எவரையும் நியமிக்கவில்லை. சாவிக்கொத்து அலுவலக எழுத்தரிடம் போயிற்று. இரண்டு ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தேன். புத்தகங்கள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. மாணவர்கள்தாம் இல்லை. அந்த எழுத்தரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. எல்லாம் கணினியில் கிடைக்கிறதே, நூலகர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. குவிந்து கிடப்பதில் நல்லது எது என்று எடுத்துக் கொடுக்க இன்றுதான் ஆள் அதிகம் வேண்டும்.

வரும் ஆகஸ்டில் நம் அங்கத்தினர்கள் அருகிலுள்ள நூலகத்துக்கு ஒரு நடை போய் வரும்படி கேட்டுக்கொள்கிறேன். அங்கே பயிற்சி பெற்ற நூலகர் இருந்தால் வாழ்த்துச் சொல்லுங்கள். அந்தப் பதவி காலியாக இருந்தால், ஏன் காலியாக இருக்கிறது என்று உரியவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.