முடி துறந்த மன்னன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சோதனைக் குழாயோடு பழகும் எனக்கும் ரோமாபுரிச் சரித்திரத்திற்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தை விவசாயக் கூலி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எளிய குடியில் பிறந்து பேரரசனான ஒருவனின் கதையை நூலகத்தில் படித்தபோது, அது என்னை விடவில்லை. அவன்தான் டயோக்ளீஷியன்.

டால்மேஷியாவில் பிறந்து, படையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தான். கி.பி. 284-இல் வீரர்கள் அவனைப் பேரரசனாக்கினர். அதற்கு முந்திய ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் அந்த அரியணை ஏறியிருந்தனர். பெரும்பாலோர் கொலையுண்டு மாண்டனர். இவ்வளவு பெரிய நாட்டை ஒருவனால் காக்க இயலாதென உணர்ந்து, 293-இல் ஆட்சியை நால்வர் பொறுப்பாக்கினான். எல்லைகள் வலுப்பெற்றன.

விலைவாசி மட்டும் அடங்கவில்லை. 301-இல் பொருளுக்கும் கூலிக்கும் உச்சவரம்பு விதித்தான், மீறினால் மரணம்! சரக்குகள் கடைவீதியிலிருந்து மறைந்தன, ஆணை தோற்றது. ஆனால் அந்தப் பட்டியலில் என் கண் ஓரிடத்தில் நின்றது. வயல் கூலியாளுக்கு உணவோடு நாளொன்றுக்கு 25 தெனாரியஸ். எழுத்தறிவிக்கும் ஆசிரியருக்கு மாணவன் ஒருவனுக்கு மாதம் 50. இரண்டு நாள் கூலியில் மகனுக்கு ஒரு மாதப் படிப்பு!

படித்த மகன் எங்கே போவது? தலையையும் நிலத்தையும் சேர்த்து எண்ணிய அவனது வரித்திட்டம் குடியானவனை மண்ணோடு பிணைக்க அடிகோலியது. பின்னர் 332-இல், கான்ஸ்டன்டைன் காலத்தில், தப்பியோட நினைக்கும் குத்தகைக் குடியானவனை விலங்கிடலாம் என்று சட்டமே வந்தது.

303-இல் அவன் தொடங்கிய கிறிஸ்தவ ஒடுக்குமுறை அழியாத கறை. 305 மே முதல் நாள், தானே முடி துறந்தான். கடலோர மாளிகையில் முட்டைக்கோஸ் பயிரிட்டான். மீண்டும் ஆள அழைத்தபோது மறுத்தான். நால்வர் ஆட்சியோ அவன் கண்ணெதிரே உள்நாட்டுப் போரில் சிதைந்தது. அம்மாளிகை இன்று குரோவேஷியாவின் ஸ்பிளிட் நகரின் நடுவே நிற்கிறது. மக்கள் அதனுள் வாழ்கின்றனர். அவன் கல்லறை மண்டபமே கிறிஸ்தவப் பேராலயமாகிவிட்டது. காலத்தின் தீர்ப்பு!

விடுமுறையில் அப்பாவிடம் இக்கதையைச் சொன்னேன். முட்டைக்கோஸ் என்றதும் சிரித்தார். குடியானவனை மண்ணோடு கட்டியதைச் சொன்னதும் மௌனமானார்.

முடி துறந்தவனை உலகம் புகழட்டும். ஏறி வந்தவன், பின்னால் வருபவனுக்கு வழியை அடைக்காதிருப்பது அதனினும் பெரிது. இதை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.