கோடுகளில் கோயில்களைக் காத்த சில்பி

தைப்பூச நாளில் இணுவில் கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சம் வீதிக்கு வருகிறது. மரத்தில் செதுக்கப்பட்ட அதன் உருவங்களைக் கண்டு மக்கள் வியக்கின்றனர். கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகின்றனர். ஆனால், அவ்வுருவங்களில் ஒன்றின் முன்னே அரை நாள் அமர்ந்து, அதைக் கோடு கோடாகத் தாளில் வரைந்து பார்த்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? இவ்வாறு கேட்கும்போது நம் நினைவுக்கு வருபவர், அப்பணிக்கே வாழ்நாளைக் கொடுத்த ஓவியர் சில்பி.

பி.எம். சீனிவாசன் என்னும் இயற்பெயர் கொண்ட அவர், 1919ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் நாமக்கல்லில் பிறந்தார். மலையைக் குடைந்து அமைத்த கோயில்களால் புகழ்பெற்ற ஊர் அது. அவ்வூரின் பெயரால் அறியப்பட்ட கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, தாமும் ஓவியர். சிறுவனின் கைத்திறனைக் கண்ட அவரே, சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்து முறையாகப் பயிலுமாறு வழிகாட்டினார். 1850இல் தொடங்கப்பட்ட அப்பள்ளிக்கு அக்காலத்தில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமை தாங்கினார். அங்கு பயின்று வெளிவந்த சீனிவாசன், 1940களின் நடுப்பகுதியில் ஆனந்த விகடனில் ஓவியரானார்.

விகடனின் புகழ்பெற்ற ஓவியர் மாலி அவரது வலிமை எங்குள்ளது என்பதைக் கண்டுகொண்டார். கேலிச்சித்திரத்தைவிடக் கட்டடமும் கற்சிலையும் அவரது கையில் உயிர்பெற்றன. மாலி சூட்டிய சில்பி என்ற பெயரே நிலைத்தது. ஓர் ஓவியர் தமது இயல்பை அறிந்து அதிலேயே ஆழ்வதற்கு, கண்டறிந்து சொல்லும் ஒரு மூத்தவர் தேவை என்பதற்கு இது நல்ல சான்று.

அதன்பின் தென்னாட்டுச் செல்வங்கள் என்னும் தொடர் பிறந்தது. மதுரை, சுசீந்திரம், திருநெல்வேலி என ஊர் ஊராகச் சென்றார் சில்பி. ஒளிப்படத்தைப் பார்த்து வீட்டில் வரைவது அவர் வழக்கமன்று. சிலைக்கு முன்னே அமர்ந்து, நேரில் பார்த்தே வரைந்தார். மண்டபத்தின் மங்கிய ஒளியில் ஆபரணத்தின் ஒவ்வொரு மணியையும், ஆடையின் ஒவ்வொரு மடிப்பையும் கண்ணால் அளந்து, பேனாவாலும் மையாலும் தாளில் இறக்கினார். கல்லின் திரட்சி கோடுகளின் நெருக்கத்திலும் புள்ளிகளின் அடர்த்தியிலும் தோன்றியது. மூலவரை ஒளிப்படம் எடுக்க இடமில்லாத கோயில்களில், உரிய அனுமதியுடன் திருவுருவங்களை வரைந்தார். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் அப்பணியை ஊக்குவித்தார்.

அக்கால அச்சு முறையில், மலிவான தாளில் ஒளிப்படம் கறுத்து மங்கிவிடும். மைக்கோடோ தெளிவாகப் பதியும். எனவே சில்பியின் சித்திரம் இதழின் ஒரு பக்கமாக வந்தபோதும் சிற்பத்தின் நுட்பத்தை இழக்கவில்லை. பலர் அதனைக் கத்தரித்துச் சட்டமிட்டுப் பூசையறையில் வைத்தனர். தமிழக இதழ்களை ஆவலுடன் படித்த யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கும், 1970களின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வரும்வரை, கடல் கடந்து கோயில் காணும் வாய்ப்பு இவ்வாறு கிட்டியது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விகடனில் பணியாற்றிய சில்பி, அதிலிருந்து விலகிய பின்னரும் பிற இதழ்களில் கோயில்களையே வரைந்தார். 1983இல் மறைந்தார். அவர் கோடுகள் இன்று நூல் வடிவில் நிலைத்துள்ளன.

இவ்வரலாறு நமக்கு ஏன் முக்கியம்? இழப்பு என்றால் என்னவென்று அறிந்தவர்கள் நாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. போர்க்காலத்தில் கோயில்கள் சிதைந்தன; தேர்களும் வாகனங்களும் அழிந்தன. அவற்றை மீண்டும் செய்ய முனையும்போது பழைய வடிவைக் காட்டும் பதிவு இல்லையேல், எங்கும் ஒரே அச்சில் வார்த்த உருவங்களே எழும்.

ஒளிப்படம் போதாதா எனக் கேட்கலாம். ஒளிப்படம் வேண்டும், அது முழுத் தோற்றத்தை நொடியில் பதிக்கிறது. ஆயினும் வரைபவர்தான் ஒவ்வோர் உறுப்பும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எது எதன்மேல் அமைகிறது என்று ஆராய நேர்கிறது. வரைந்த கை, செதுக்கிய கையின் அறிவைப் பெறுகிறது. நாளை உளி பிடிக்கும் சிற்பிக்கு அந்தக் கோடே துணை.

இணுவிலை அடுத்த மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைக் கல்வி நடைபெறுகிறது. பாடசாலைகளில் சித்திரம் ஒரு பாடமாக உள்ளது. கோயில் அறங்காவலர்கள் மஞ்சத்தையும் தேரையும் வாகனங்களையும் வரைய மாணவர்களுக்கு இடமளிக்க வேண்டும். ஆசிரியர்கள் அவர்களை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒரு கோயில் என்று தொடங்கினாலும் போதும். ஒரு பேனாவும் மையும் பொறுமையும் கொண்டு தனியொருவர் அங்கே செய்ததை, ஓர் ஊர் கூடி இங்கே செய்ய இயலாதா?