இயந்திரம் இருந்தால் போதுமா? சிறுநீரக மருத்துவர்களை உருவாக்கிய டாக்டர் ஜான் மெரில்

டயாலிசிஸ் என்ற சொல்லைக் கேள்விப்படாத குடும்பம் இன்று நம்மிடையே அரிது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என அப்பாவோ அத்தையோ உள்ளே படுத்திருக்க, வெளியே நாற்காலியில் காத்திருந்தவர்கள் தோட்டப்புறத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு.

மனிதரைப் பிழைக்க வைத்த முதல் டயாலிசிஸ் இயந்திரத்தை உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த டாக்டர் வில்லெம் கோல்ஃப். அந்தப் பெயரைப் பலர் அறிந்திருக்கலாம். ஆனால், அந்த இயந்திரத்தைக் கொண்டு நோயாளியை எப்படிக் காப்பாற்றுவது என்று ஒரு தலைமுறை மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் வேறொருவர். அவர்தான் அமெரிக்காவின் டாக்டர் ஜான் மெரில்.

1917ஆம் ஆண்டு கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் பிறந்தவர் மெரில். டார்ட்மவுத் கல்லூரியில் படித்துவிட்டு, 1942இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் பட்டம் பெற்றார். அது இரண்டாம் உலகப் போர்க்காலம். இராணுவ விமானப் படையில் மருத்துவராகப் பணியாற்றிவிட்டு, போர் முடிந்ததும் பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனைக்குத் திரும்பினார்.

அப்போது சிறுநீரக மருத்துவம் என்று தனியாக ஒரு துறையே இல்லை. சிறுநீரகம் செயலிழந்தால் உணவைக் குறைப்பார்கள், தண்ணீரைக் குறைப்பார்கள். அதற்கு மேல் செய்ய எதுவுமில்லை. இரத்தத்தில் கழிவு ஏறி, நோயாளி சுயநினைவை இழந்து, சில நாட்களில் இறந்துபோவார்.

உருளையும் செல்லோபேன் குழாயும்

1947இல் கோல்ஃப் அமெரிக்காவுக்கு வந்தபோது, தம் இயந்திரத்தின் வரைபடத்தைப் பிரிகாம் மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஜார்ஜ் தோர்னிடம் கொடுத்தார். அறுவை மருத்துவர் கார்ல் வால்டர் அதைத் துருப்பிடிக்காத எஃகில் மேம்படுத்தினார். எஃகு உருளையின் மேல் செல்லோபேன் குழாய் சுற்றப்பட்டிருக்கும். குழாய்க்குள் நோயாளியின் இரத்தம் ஓடும். மருந்துநீர் நிறைந்த தொட்டியில் உருளை சுழலும்போது, இரத்தத்திலுள்ள கழிவு மெல்லிய சவ்வின் வழியாக வெளியேறும். அதற்குக் கோல்ஃப்-பிரிகாம் செயற்கைச் சிறுநீரகம் என்று பெயர்.

1948இல் அது நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியது. அதை நடத்தும் பொறுப்பு மெரிலிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 31.

இயந்திரம் கைக்கு வந்துவிட்டது. ஆனால், யாருக்கு அதைப் பொருத்துவது? எப்போது தொடங்குவது? எப்போது நிறுத்துவது? எவ்வளவு நீரை எடுப்பது? அனுபவப்பட்டவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். மெரில் நோயாளியின் படுக்கை அருகிலேயே இருந்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அது அளவு மீறினால் இருதயம் நின்றுவிடும். இந்த ஆபத்தை இசிஜி கோடுகளைப் பார்த்தே கண்டுகொள்வது எப்படி என்று அவரும் சக மருத்துவர்களும் 1950இல் எழுதினார்கள். டயாலிசிஸ் செய்வோரிடம் வாழைப்பழத்தையும் இளநீரையும் குறைக்கச் சொல்வது இந்தப் பொட்டாசியத்துக்குப் பயந்துதான்.

கொரியப் போரில் காயமடைந்து சிறுநீரகம் செயலிழந்த வீரர்களுக்காக, 1952இல் இந்த வகை இயந்திரம் போர்முனைக்கே கொண்டு செல்லப்பட்டது. அதுவரை அப்படிப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இறந்தார்கள். அந்த இறப்பு பெருமளவு குறைந்தது. 1955இல் மெரில் தம் அனுபவத்தைச் சிறுநீரகச் செயலிழப்புக்கான சிகிச்சை பற்றிய நூலாகவே வெளியிட்டார்.

இரட்டையரில் ஒருவர்

1950களின் தொடக்கத்தில் பிரிகாம் மருத்துவமனையில் ஒன்பது பேருக்கு மற்றவர்களின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. ஒருவருக்கு மட்டும் ஏறக்குறைய ஆறு மாதம் வேலை செய்தது. மற்றவை நிலைக்கவில்லை. அந்நிய உறுப்பை உடல் ஏற்க மறுத்தது.

1954இல் ரிச்சர்ட் ஹெரிக் என்ற 23 வயது இளைஞர் சாகும் நிலையில் மெரிலின் பொறுப்புக்கு வந்தார். அவருக்கு உருவத்தில் ஒன்றுபோன்ற இரட்டைச் சகோதரர் ஒருவர் இருந்தார். பெயர் ரொனால்ட். இருவரின் உடலும் ஒன்றுதானா என்று உறுதிசெய்ய, ஒருவரின் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள். காவல் நிலையத்தில் விரல் ரேகையையும் ஒப்பிட்டார்கள். நல்ல உடம்பைக் கீறி உறுப்பை எடுப்பது நியாயமா என்று சமயத் தலைவர்களிடமும் கேட்டார்கள். இதற்கிடையே, நினைவு தடுமாறிக் கிடந்த ரிச்சர்டை டயாலிசிஸ் மூலம் அறுவை சிகிச்சையைத் தாங்கும் நிலைக்குக் கொண்டு வந்தார் மெரில்.

1954 டிசம்பர் 23ஆம் நாள் அறுவை மருத்துவர் ஜோசப் மரே சிறுநீரகத்தைப் பொருத்தினார். உலகில் நீடித்து நிலைத்த முதல் சிறுநீரக மாற்று சிகிச்சை அதுதான். ரிச்சர்ட் தம்மைக் கவனித்துக்கொண்ட தாதியையே மணந்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தையாகி, மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். சிறுநீரகத்தைக் கொடுத்த ரொனால்ட் 79 வயதுவரை, 2010ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

வார்டே வகுப்பறை

இதற்குப் பிறகு பிரிகாமை நோக்கி இளம் மருத்துவர்கள் வரத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் மற்ற மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தார்கள். ஏற்கெனவே பட்டம் பெற்று, பொது மருத்துவமும் பயின்றவர்கள் மீண்டும் மாணவராகி, ஓர் ஆசிரியரின் கீழ் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே ஒரே துறையைக் கற்பதைத்தான் ஃபெல்லோஷிப் பயிற்சி என்கிறோம். புத்தகம் படித்து மட்டும் இது வராது. இந்த நோயாளிக்கு இன்று எவ்வளவு நீர் எடுக்கலாம், இந்தக் காய்ச்சல் கிருமியால் வந்ததா, அல்லது உடல் புதுச் சிறுநீரகத்தை மறுப்பதால் வந்ததா என்று படுக்கையருகில் நின்று முடிவெடுத்துப் பழக வேண்டும்.

மெரிலிடம் பழகியவர்கள் பின்னர் பல மருத்துவமனைகளில் சிறுநீரகப் பிரிவுகளை நடத்தினார்கள். 1960களின் முற்பகுதியில் நோயாளியின் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்ய முடியும் என்று காட்டிய முன்னோடிகளில் மெரிலும் அவருடைய இளம் மருத்துவர்களும் அடங்குவர். அவர்களில் ஒருவரான கான்ஸ்டன்டைன் ஹாம்பர்ஸ், மருத்துவமனைக்கு வெளியே டயாலிசிஸ் மையங்கள் நடத்தும் நிறுவனத்தை 1968இல் தொடங்கினார். 1972இல் அமெரிக்காவில் சிறுநீரக மருத்துவத்துக்கென்று தனித் தகுதித் தேர்வே வந்தது. மெரில் தொடங்கியபோது பெயரே இல்லாத துறை, கால் நூற்றாண்டுக்குள் முறையான படிப்பாகிவிட்டது.

1984இல் பஹாமாஸ் தீவுகளில் நேர்ந்த படகு விபத்தில் மெரில் இறந்தார். வயது 67. ஆறு ஆண்டுகள் கழித்து, 1990இல், உறுப்பு மாற்று சிகிச்சைக்காக ஜோசப் மரேக்கு நோபல் பரிசு கிடைத்தது. இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு தரப்படுவதில்லை. அதனால் மெரிலின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

மெரில் விட்டுச்சென்றது அவரிடம் கற்றவர்களையும், அவர்களிடம் கற்றவர்களையும்தான். பணம் இருந்தால் இயந்திரத்தை விரைவில் வாங்கிவிடலாம். ஆனால், மருத்துவப் படிப்பில் சேரும் ஒருவர் சிறுநீரக நிபுணராக வெளியே வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும்.

பெரிய மருத்துவமனைகளின் சிறுநீரகப் பிரிவில் நிபுணருடன் இரண்டு மூன்று இளம் டாக்டர்களும் வந்து நிற்பதைப் பார்த்திருப்போம். நேற்று கேட்ட கேள்வியையே இன்றும் கேட்பார்கள். காலில் வீக்கம் இருக்கிறதா என்று ஒருவர் பின் ஒருவராக அழுத்திப் பார்ப்பார்கள். சில வேளைகளில் நமக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால், அன்று பாஸ்டனில் மெரிலின் வார்டில் நடந்ததும் இதுதான். நாளை நம் பிள்ளைகளுக்குச் சிகிச்சை தரப்போகும் நிபுணர் அந்த இளைஞர்களில் ஒருவராக இருக்கலாம். அவருக்குப் பாடம் நம் அப்பாவின் படுக்கையருகில்தான் நடந்துகொண்டிருக்கிறது.