கலங்களுக்கு நா அளித்த புரூஸ் பூட்

கொல்லிமலை என்ற அளவிலே வல்வில் ஓரியின் கொடையும் போரும் தமிழ் மாணாக்கர் நெஞ்சில் எழுதல் இயல்பு. அம்மலையைத் தன்னகத்தே கொண்ட பழைய சேலம், திருச்சிராப்பள்ளிச் சீமைகளின் கல்லையும் மண்ணையும் முறைப்பட ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் புரூஸ் பூட் துரை. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இராபர்ட் புரூஸ் பூட் 1834-ம் ஆண்டு இங்கிலாந்தில் செல்ட்னம் நகரிற் பிறந்தார். 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிற் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஊழியம் புரிந்து, ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழாக்கிய பெர்சிவல் ஐயரின் மகளையே இவர் மணந்தார். வில்லியம் கிங் என்னும் தோழருடன் மேற்கூறிய சீமைகளை ஆராய்ந்து இவர் எழுதிய நூல் 1864-ல் வெளிவந்தது.

அதற்கு முந்திய ஆண்டில், 1863 மே 30-ந் தேதி, பல்லாவரத்துச் சரளை மண்ணில் மனிதன் செதுக்கிய கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்நாட்டிற் பழைய கற்கால மாந்தர் வாழ்ந்தனர் என்பதற்கு அதுவே முதற்சான்றாயிற்று. அவ்வாண்டிலேயே இவரும் கிங்கும் கண்ட அதிராம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழைமையுடையன என 2011-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

எனினும், கண்டெடுத்தலினும் சிறந்ததொரு பண்பு இவர்பால் இருந்தது. எப்பொருளைக் கண்டாலும் அது கிடைத்த ஊரையும் இடத்தையும் உடனே குறித்துவைப்பார். இப்பழக்கத்தின் அருமையை வெண்கலக் கலங்களைக் கொண்டு விளக்குவாம்.

சீனதேசத்தில் ஷாங் மரபினர் ஆண்ட காலத்தே, முன்னோர்க்கு ஊனும் மதுவும் படைத்தற்கென வெண்கலக் கலங்கள் வார்க்கப்பட்டன. விலங்கு முகங்கள் பொறித்த அக்கலங்கள் பலவற்றுள் குலத்தின் பெயரோ, முன்னோரின் பெயரோ எழுத்தாக அமைந்துள்ளது. ஆதலின் அவை தம் வரலாற்றைத் தாமே சொல்லவல்லன. நம் நாட்டுக் கலங்களோ அத்தகையன அல்ல. 1872-ல் மறைந்த பிரீக்ஸ் துரை நீலகிரிக் கல்லறைகளை அகழ்ந்து, வெள்ளீயம் மிகுந்த வெண்கலக் கிண்ணங்களையும், எருமை முதலிய உருவங்கள் அமர்ந்த மட்கல மூடிகளையும் எடுத்தார். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரிலே 1899 முதல் அலெக்சாண்டர் ரீ துரை அகழ்ந்தபொழுது, எருமை, மான், சேவல் உருவங்கள் அமைந்த வெண்கலப் பொருள்கள் வெளிப்பட்டன. செய்தவன் யார், யார்பொருட்டுச் செய்தான் என உரைக்கும் எழுத்து அவற்றில் இல்லை. இத்தகைய ஊமைக் கலத்திற்கு நாவாவது அது கிடைத்த இடமொன்றே. அக்குறிப்பு அழியின் கலம் வெறும் உலோகமாய் நின்றுவிடும்.

இதனை நன்கு உணர்ந்த பூட் துரை, சென்னை அருங்காட்சியகத்திலிருந்த தொல்பொருள்களுக்கு 1901-ல் ஓர் அட்டவணை நூல் செய்தார். பிரீக்ஸ் திரட்டிய நீலகிரிப் பொருள்களும் அதன்கண் இடம்பெற்றன. இறந்தவர் உழைப்பு வீணாகாமற் காத்த நற்பணி இஃது என்போம்.

1891-ல் அரசுப் பணியினின்று ஓய்வுபெற்றபின், பரோடா, மைசூர் சமஸ்தானங்களிலும் இவர் நிலவியற் பணி புரிந்தார். ஏற்காட்டிலே இல்லம் அமைத்து வாழ்ந்தார். வாழ்நாளெல்லாம் தொகுத்த பொருள்கள் 1904-ல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றிற்கு விரிவான அட்டவணை எழுதினார். அஃது அச்சேறுவதைக் காணுமுன், 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் உயிர் துறந்தார். அந்நூல் 1914-லும் 1916-லும் இரு பகுதிகளாக வெளிவந்தது. ஏற்காட்டுத் திருச்சபை வளாகத்தில் அவர் நினைவுச் சின்னம் உளது.

கொல்லிமலையிலும் புதிய கற்காலக் கோடாரிகள் கிடைத்துள்ளன. இன்னும் பல, ஏர் முனையிலும் கிணற்று மண்ணிலும் வெளிப்படலாம். ஓரியைப் புலவர் பாடியதால் நாம் அறிகின்றோம். பாடப்பெறாத எண்ணிறந்தோர்க்கு அவர் விட்டுச்சென்ற கல்லும் கலமுமே சான்று. நம்மூரில் அத்தகைய பொருளொன்று தோன்றுமாயின், அதனை வீட்டிற்கு எடுத்தேகுமுன் கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, உரியவர்க்கு அறிவிப்போமாக. அதுவே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.