ஆசிரியர் கனகசுப்புரத்தினம்

பாவேந்தர் பாரதிதாசனைத் தமிழுலகம் புரட்சிக்கவிஞராகவே அறியும். மேடைகள் வளர்த்த அப்பெயரின் பின்னால், 37 ஆண்டுகள் சிறுவர்க்கு எழுத்தறிவித்த பள்ளியாசிரியர் ஒருவர் மறைந்து நிற்கிறார். அவரைக் காணாமல் பாவேந்தரை முழுமையாகக் காண இயலாது.

1891 ஏப்ரல் 29-இல் புதுவையில், கனகசபை முதலியார்க்கும் இலக்குமி அம்மையார்க்கும் மகனாகப் பிறந்தவர் கனகசுப்புரத்தினம். கல்வே கல்லூரியில் தமிழ் பயின்று, 1909-இல், பதினெட்டாம் வயதில், காரைக்காலை அடுத்த நிரவியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அந்நாளைய ஆட்சி பிரெஞ்சியருடையது. திருமண வீடொன்றில் பாரதியாரைக் கண்ட நிகழ்ச்சி ஊரறிந்தது. ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. 1915-இல் பாரதியார் பாப்பாப் பாட்டை இயற்றியது இப்புதுவையில் இருந்தபோதுதான் என்பதே இங்கு நினையத் தக்கது. பெருங்கவிஞன் குழந்தையின் நாவுக்கு இறங்கி வருதல் இழுக்கன்று என்பதற்குக் கனகசுப்புரத்தினத்தின் கண்முன்னே சான்று இருந்தது.

1930-இல் அவர் வெளியிட்ட சிறு நூல்களுள் ஒன்று சிறுவர் சிறுமியர் தேசிய கீதம். 1938-இல் வந்த முதற் கவிதைத் தொகுதியில் பெண் குழந்தைக்கு ஒரு தாலாட்டு உண்டு. மாமன் கொண்டுவரும் சீரைப் பாடுவது நம் தாலாட்டு மரபு. பாவேந்தரின் தாலாட்டோ, மூடப்பழக்கத்தையும் சாதி இருளையும் ஓட்ட வந்தவளாகத் தொட்டிற் குழந்தையைப் போற்றுகிறது. ஓசை பழையது, உள்ளீடு புதியது. உறங்கவைக்கும் பாட்டிற்குள் விழிக்கவைக்கும் கருத்தைப் பொதிந்து வைத்த துணிவை இன்றும் வியக்கலாம்.

இசையமுதில் உள்ள பள்ளிச் சிறுமியின் பாட்டோ இன்னும் நுட்பமானது. தலைவாரிப் பூவைத்து அனுப்பியும் சிறுமி போகாமல் சிலையென நிற்கிறாள், கண்ணில் நீர். தாய் அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. அண்டை வீட்டுப் பெண்களைக் காட்டுகிறாள். கடிகாரம் ஓடுவதை நினைவூட்டுகிறாள். இப்போது கடினமாகத் தோன்றுவது கற்கக் கற்கத் தெளியும் என்கிறாள். மகள் படிக்காவிட்டால் ஊர் தன்னை எள்ளும் என்று தன் நாணத்தையும் மறைக்காமல் சொல்கிறாள். பெண் கல்வி குறித்துப் பேசிய மேடைகள் பல. அந்தக் கண்ணீரை எழுதப் பள்ளி வாயிலில் பல்லாண்டு நின்ற கண் வேண்டும்.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெயின் 1876-இல் டாம் சாயர் என்னும் சிறுவனின் கதையை எழுதினார். அவர் வளர்ந்த அனிபல் ஊரார் 1926-இல் டாமுக்கும் அவன் தோழன் அக்குக்கும் சிலை எடுத்தனர். கதைச் சிறுவர் அவ்வூரின் மக்களாகவே ஆகிவிட்டனர். பாவேந்தர்க்குப் புதுவையில் சிலை உண்டு. அவர் படைத்த அச்சிறுமிக்குப் பெயர் கூட இல்லை. ஆயினும் பள்ளி செல்லும் பெண்ணைப் பற்றித் தமிழர் பேசும்போதெல்லாம் அவளே முன்வந்து நிற்கிறாள்.

1946-இல் ஆசிரியப் பணி முடிந்தது. அதே ஆண்டு சென்னையில் அவர்க்குப் பொற்கிழி வழங்கப்பட்டது. பின்னர்ப் புதுவைச் சட்டமன்ற உறுப்பினருமானார். புகழ் இவ்வளவு ஓங்கிய பின்னர், 1958-இல், சிறுவர்க்கென்றே இளைஞர் இலக்கியம் என்ற நூலை வெளியிட்டார். மொழி, இயற்கை, தொழில், ஊர்தி, கதைப்பாட்டு எனச் சிறுவர் உலகை அது சுற்றி வருகிறது. எல்லாப் பாட்டும் ஒரு தரத்தனவல்ல; சிலவற்றில் ஆசிரியர் குரல் ஓங்கி, கவிஞர் குரல் தாழ்ந்துவிடுகிறது. எனினும் எளிய சொற்களில், எதுகை பிசகாமல், நான்கடி எழுதிப் பார்த்த பாவலர் அந்நூலின் அருமையை உணர்வர்.

1964 ஏப்ரல் 21-இல் சென்னையில் மறைந்தார். பிசிராந்தையார் நாடகத்திற்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு வந்தது அதன் பின்னரே. அவர் வாழ்ந்த பெருமாள் கோயில் தெரு வீடு இன்று நினைவு அருங்காட்சியகம்.